தரம் தெரியும், ரேங்க் தெரியாது

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டுப் பொறுப்பிலுள்ள துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் இரண்டாம் வாரமே "இது நமக்கு ஒத்து வராது" என்று ஒதுங்கிவிடுவதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்கிறீர்கள். கணித வகுப்பைப் பாருங்கள். பலகையில் ஒரு 3×3 அணி. "ஃபைண்ட் த ரேங்க்" என்கிறார் ஆசிரியர். பக்கத்து பெஞ்சு எழுதத் தொடங்கிவிட்டது. இந்த மாணவி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். பிளஸ் டூவில் 'அணியின் தரம்' என்று இதே கணக்கைப் போட்டவள்தான். தரம்தான் ரேங்க், நேர்மாறுதான் இன்வர்ஸ், அணிக்கோவைதான் டிட்டர்மினன்ட் என்று யாரும் சொல்லவில்லை. சொல் தெரியாததைக் கணக்கே தெரியாததாக எடுத்துக்கொள்கிறாள்.

இதற்குத் தேவை இருபக்கத் தாளில் ஒரு தமிழ்-ஆங்கிலச் சொற்பட்டியல். கணிதம், இயற்பியல், வேதியியலுக்குச் சேர்த்து 120 சொற்கள் போதும். பிளஸ் டூ பாடநூல் இரு மொழியிலும் கிடைக்கிறது. அருகருகே வைத்தால் ஓரிரு மாலைகளில் பட்டியல் தயார். வகுப்பில் எல்லோருக்கும் கொடுங்கள். தமிழ்வழிக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தால் அதுவே முத்திரையாகிவிடும்.

முதல் நாள் 'செல்ஃப் இன்ட்ரோ'வையும் விட்டுவிடலாம். அறுபது பேர் முன் ஆங்கிலத்தில் பள்ளி, கட்ஆஃப் எல்லாம் ஒப்பிக்க வைத்தால், திக்கியவர் அந்த செமஸ்டர் முழுக்கக் கை தூக்கமாட்டார். இருவர் இருவராகப் பத்து நிமிடம் பேசி, ஒருவர் மற்றவரை எந்த மொழியிலாவது அறிமுகப்படுத்தட்டும்.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. "செவன் பாயின்ட் ஃபைவ் எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் அழைப்பது எதற்கு? ஒதுக்கீட்டுப் படிவம் நிரப்பத்தான் என்றால் கைபேசியில் செய்தி அனுப்பினால் போதாதா?

முதல் இன்டர்னல் தாளைத் திருத்தும்போது தவறுகளை மூன்றாகக் குறியுங்கள்: கேள்வி புரியவில்லை, சூத்திரம் தெரியவில்லை, நேரம் போதவில்லை. முதல் வகைக்குச் சொற்பட்டியல், இரண்டாவதற்குச் சிறப்பு வகுப்பு, மூன்றாவதற்குக் கடிகாரம் வைத்துப் பயிற்சி. மூவரையும் ஒரே 'ஸ்லோ லேர்னர்' வகுப்பில் அடைப்பதால்தான் அங்கே யாரும் தேறுவதில்லை.

வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், 'நமக்கு இங்கே இடமில்லை' என்ற எண்ணம் தங்களுக்கும் இருந்து பிறகு விலகியது என்று சீனியர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்கள் படித்து, அதைத் தம் அனுபவத்தோடு சேர்த்து எழுதினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தது. நீங்களும் சீனியர்களை அழையுங்கள். ஆனால் கோல்டு மெடலிஸ்டை வேண்டாம். முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, பிறகு கிளியர் செய்தவரைக் கூப்பிடுங்கள். எப்படிப் படித்தார் என்று மட்டும் பேசட்டும். ஊக்க உரை ஆற்றினால் பிள்ளைகள் காதை மூடிக்கொள்வார்கள்.

தொடர்ந்து தூங்காதவர், மெஸ்ஸுக்கே வராதவர் விஷயம் வேறு. அங்கே சொற்பட்டியல் உதவாது, மனநல ஆலோசகர் வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். விடுதி அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் நின்று அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

இப்படிக்கு,
முதலாண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் சிலர்