யார்க் நகர மேயர் பதவி: உள்ளூர் வரலாற்று வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு முழுவதும் நாம் வாழும் இங்கிலாந்தின் யார்க் நகரின் மேயர் பதவி எப்படி வளர்ந்தது என்பதையே படித்தோம். 2024 மே மாதம் யார்க்குக்கும் வடக்கு யார்க்‌ஷருக்கும் சேர்த்து, மக்கள் நேரடியாக வாக்களித்து ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து, இவர்தான் லார்டு மேயரா என்ற கேள்வி நம் வீடுகளிலும் எழுந்தபடி இருக்கிறது. இல்லை, இவர் வேறு, அவர் வேறு. போக்குவரத்து, வீட்டுவசதி போன்றவற்றில் நிதியும் அதிகாரமும் உடையவர் புதிய மேயர். லார்டு மேயரை மாநகர மன்றம் தன் உறுப்பினர்களிலிருந்தே ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறது. மன்றத்துக்குத் தலைமை ஏற்பதும், விழாக்களில் நகரத்தின் முகமாக நிற்பதும் அவர் பணி. மரியாதை வரிசையில் லண்டன் லார்டு மேயருக்கு அடுத்த இடம் இவருக்கு.

பதவியின் வேர் வரிப்பணத்தில் இருக்கிறது. 1212இல் ஜான் மன்னர் கொடுத்த சாசனத்தால், ஆண்டுக்கு 160 பவுன் வரியை மன்னரின் மாவட்ட அதிகாரியான ஷெரிஃபின் கையில் கொடுக்காமல் நேரே அரசுக் கருவூலத்தில் கட்டும் உரிமை நகரத்தாருக்குக் கிடைத்தது. வரியைத் தாங்களே வசூலிக்க வேண்டுமென்றால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அடுத்த சில ஆண்டுகளிலேயே மேயர் என்ற பெயர் ஆவணங்களில் தென்படத் தொடங்குகிறது. பின்னர் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் தன் வாளையே மேயருக்குக் கொடுத்ததாகவும், ‘லார்டு’ பட்டமும் அவரிடமிருந்து வந்ததாகவும் மரபு சொல்கிறது. வாளைவிடப் பெரிய கொடை 1396ஆம் ஆண்டுச் சாசனம் என்பது என் கருத்து. அது யார்க்கைத் தனி மாவட்டமாக்கி, நகரத்துக்கென இரண்டு ஷெரிஃபுகளையும் கொடுத்தது. இந்த ஷெரிஃபுகளைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறுப்பினர்கள் மிகவும் விரும்பிக் கேட்டது 1380 நவம்பர் கலகம். ஜான் கிஸ்பர்ன் என்ற பெருவணிகர் அப்போது மேயர். ஒரு கூட்டம் திரண்டு அவரை ஊரை விட்டே விரட்டியது. நகர மன்ற மண்டபமான கில்ட்ஹாலின் கதவுகளைக் கோடரியால் உடைத்து உள்ளே புகுந்தது. சைமன் குவிக்ஸ்லி என்பவரைப் பிடித்துவந்து, அவர் விருப்பத்துக்கு மாறாக மேயராகப் பதவிப் பிரமாணம் செய்யவைத்தது. ஊஸ் ஆற்றுப் பாலத்து மணிகள் தலைகீழ் முறையில் ஒலித்தால், இரவோ பகலோ, பொதுமக்கள் எல்லோரும் எழுந்து வரவேண்டும் என்றும் கட்டளையிட்டது. இவையெல்லாம் நாடாளுமன்ற ஆவணத்திலேயே பதிவாகியுள்ளன. (இன்று நாம் பார்க்கும் கில்ட்ஹால் அதற்குப் பிந்தியது, பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டியது.) அரசு தலையிட்டுக் கிஸ்பர்னை மீண்டும் அமர்த்தியது. ஆனால் அடுத்த தேர்தலில் குவிக்ஸ்லியே முறைப்படி மேயரானார். 1381 ஜூலையில் பூத்தம் பார் என்ற நகர மதில் வாசலில் கிஸ்பர்ன், குவிக்ஸ்லி ஆகிய இரு தரப்பும் மோதிக்கொண்டன. சில செல்வக் குடும்பங்களே பதவியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த ஊரில், கைவினைத் தொழிலாளர்கள் தங்கள் குரலைக் கேட்கவைத்த நாள்கள் அவை. கலகத்தை வெறும் கலவரம் என்று ஒதுக்கக் கூடாது என நம் கூட்டத்தில் பலர் வாதிட்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

நகர மன்றத்தின் நடவடிக்கைப் புத்தகங்கள் 1476 முதல் கிடைக்கின்றன. மூன்றாம் ரிச்சர்டு மன்னர் தோற்று மடிந்த பாஸ்வொர்த் போருக்கு மறுநாள், 1485 ஆகஸ்ட் 23இல், அவர் பரிதாபமாகக் கொல்லப்பட்டார் என்றும் அது இந்நகருக்குப் பெருந்துயர் என்றும் எழுத்தர் பதிந்திருக்கிறார். வென்றவர் அரியணை ஏறப்போகிறார் என்று தெரிந்த பிறகும் அப்படி எழுதிவைத்த மன்றத்தின் நேர்மையை எண்ணி நான் வியக்கிறேன்.

அடுத்துச் சொல்வது வேதனையானது. ஷாம்பிள்ஸ் தெருவில் இறைச்சிக்கடை நடத்தியவரின் மனைவி மார்கரெட் கிளித்தரோ. அன்று சட்டம் தடைசெய்திருந்த கத்தோலிக்கக் குருமார்களுக்கு அடைக்கலம் கொடுத்தார் என்று அவர்மேல் வழக்கு. தம் பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்பதால், குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்லவே மறுத்தார். அப்படி மறுத்ததற்கான தண்டனையாக, 1586 மார்ச் 25இல் அவர் உடல்மேல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தீர்ப்பு அரசியின் நீதிபதிகளுடையது. நிறைவேற்றும் கடமை 1396இல் பெருமையாகப் பெற்ற நகர ஷெரிஃபுகளுடையது. அந்த ஆண்டின் லார்டு மேயர் ஹென்றி மே, மார்கரெட்டின் தாயை மணந்தவர், அதாவது அவருடைய மாற்றாந்தந்தை. மேயர்களின் பட்டியலில் ஹென்றி மே பத்தோடு பதினொன்றாக நிற்கிறார். நம் வட்டம் வெளியிடும் எந்தக் குறிப்பிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் மார்கரெட்டின் பெயரும் இருக்கவேண்டும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. 1970இல் திருச்சபை மார்கரெட்டைப் புனிதராக அறிவித்தது.

லார்டு மேயரின் அதிகாரபூர்வ இல்லமான மேன்ஷன் ஹவுஸ் 1725 முதல் 1732 வரை கட்டப்பட்டது. லண்டனில் இதே பெயரில் உள்ள மாளிகையைவிடப் பழையது. சிறுவர்களுக்கு அங்கே மிகவும் பிடித்தது, 1672ஆம் ஆண்டைச் சேர்ந்த வெள்ளிச் சிறுநீர்க் கலம்.

1835ஆம் ஆண்டுச் சட்டம் நகர மன்றத்தை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும்படி மாற்றியது. அடுத்து வந்தவர் ‘ரயில்வே ராஜா’ எனப்பட்ட ரயில் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் ஹட்சன். மும்முறை லார்டு மேயராக இருந்தவர், 1849இல் கணக்கு மோசடிகள் வெளிப்பட்டதும் வீழ்ந்தார். அவர் பெயரிலிருந்த தெருவை ரயில்வே தெரு என்று மாற்றினார்கள். 1971இல் மறுபடியும் ஜார்ஜ் ஹட்சன் தெரு ஆக்கினார்கள். யார்க்கை ரயில் நகரமாக்கியவர் என்ற நன்றி ஒருபுறம் இருந்தாலும், பணத்தை இழந்த பங்குதாரர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

லார்டு மேயர் ஓராண்டும் ஒரு நாளும்தான் பிரபு, அவர் மனைவியோ என்றென்றும் சீமாட்டி என்று யார்க்கில் ஒரு பழம்பாட்டு உண்டு. பெண்ணுக்குக் கணவர் வழியே பெருமை வந்த காலத்துப் பாட்டு அது. 1941இல் எட்னா ஆனி கிரைட்டன் முதல் பெண் லார்டு மேயர் ஆனார். அவர் பதவியில் இருந்தபோதுதான், 1942 ஏப்ரல் 29 அதிகாலை, ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிக் கில்ட்ஹாலை எரித்தன. அந்த மண்டபம் 1960இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இவரைப் பற்றி நம் சிறுமியர் வாசித்தளித்த கட்டுரைகளே இவ்வாண்டின் சிறந்த நிகழ்ச்சி என்று மனமார எழுதுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இடம் கொடுத்து உதவிய நூலகத்தாருக்கும், தேநீரும் பலகாரமும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன்: கைவினைக் குழுக்கள் மேயர் தேர்தலில் பெற்ற பங்கைப் பற்றி, நடவடிக்கைப் புத்தகங்களின் அச்சுப் பதிப்பிலிருந்து படித்துத் தமிழில் சிறு கையேடு தயாரிக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தைச் சிரமமின்றி வாசிக்கக் கூடியவர்கள் இன்றைய கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்