சென்சார் இல்லாமலே மோட்டார் வேகம் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மோட்டார் பத்தி எழுதுறப்போ, வேகம் தெரியணும்னா ஷாஃப்ட்ல என்கோடர், அதாவது சுத்துறதை அளக்குற சென்சார், மாட்டியே ஆகணும்னு நிறைய பேர் எழுதிடுறாங்க, அது சரியில்லைங்க.

மோட்டார் சுத்தும்போதே உள்ள ஒரு எதிர் வோல்டேஜ் உருவாகுது, பேக் இஎம்எஃப்னு சொல்வோம், வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். பிஎல்டிசி மோட்டார்ல (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்), கரண்ட்டை ஆறு படியா மாத்தி மாத்தி குடுக்குற சாதாரண ஆறு ஸ்டெப் டிரைவ்னா, மூணு ஃபேஸ்ல (காயில் தொகுதில) ரெண்டுக்குத்தான் ஒரே நேரத்துல கரண்ட் போகுது, சும்மா இருக்கிற மூணாவதுல அந்த வோல்டேஜ் எப்போ பூஜ்யத்தை தாண்டுதுன்னு பாத்துட்டே இருந்தா ஒரு எலக்ட்ரிக்கல் சுத்துக்கு (அந்த வோல்டேஜோட ஒரு முழு அலை) 6 தடவை தாண்டும், ரெண்டு தாண்டலுக்கு நடுவுல எவ்ளோ நேரம்னு தெரிஞ்சா வேகம் கைக்கு வந்துடும். இண்டக்‌ஷன் மோட்டார்ல ஸ்லிப் வேற இருக்கு, அதாவது சுத்துற பாகமான ரோட்டார் காந்தப்புலத்தை விட கொஞ்சம் பின்தங்கும். 4 போல் (காந்தத் துருவம்), 50 ஹெர்ட்ஸ்னா காந்தப்புலம் 1500 ஆர்பிஎம்ல சுத்தும், ரோட்டார் லோடுல 1440 தான் வரும்னு வைங்க, அந்த வித்தியாசத்தை வோல்டேஜ், கரண்ட் வச்சு கணக்கு போட்டு எடுக்கணும்.

கஷ்டமே ரொம்ப மெதுவா ஓடுறப்போதான். பேக் இஎம்எஃப் துளியூண்டு ஆயிடும், காயில் சூடாகி ரெசிஸ்டன்ஸ் மாறுனா கணக்கே தப்பிடும். அதனால கிரேன் மாதிரி நின்ன இடத்துலயே பாரம் தாங்குற வேலைக்கு என்கோடரை கழட்டச் சொல்லவே மாட்டேன். ஃபேன், பம்புக்கு என்கோடர் இல்லாமலே தாராளமா விட்டுடலாம்.

அடுத்த தடவை இதையும் சேர்த்து போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்