சுண்ணாம்பு போட்ட வயல்

அன்பு மகளுக்கு,

நீ இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருப்பது அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நல்லது. வேலை மும்முரத்தில் பேச நேரம் இருக்காது. எனக்கு எழுத நேரம் இருக்கிறது, முழங்கால் அப்படி.

முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடு. உனக்குத் தெரியாததா? இருந்தாலும் வரப்போரத்திலும் மர நிழலிலும் எருக் குவித்த இடத்திலும் மண் எடுக்காதே. அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடு. மண்ணின் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு தேவையென்று வந்தால் விதைப்புக்கு வெகு முன்னதாகவே போட்டு உழுது கலந்துவிடு. யூரியாவையோ அமோனியம் சல்பேட்டையோ அதோடு சேர்க்காதே.

தொழு உரம் வாங்கினால் குவியலுக்குள் கையை விட்டுப் பார். சூடு இருக்கக் கூடாது, சாண வாடை போயிருக்க வேண்டும், வைக்கோல் துண்டு இழுத்தவுடன் அறுந்துபோக வேண்டும். மக்காத எருவைப் போடுவது களையை நாமே விதைப்பதுதான். நன்கு மக்கிய எரு ஒரு டன்னிலேயே தழைச்சத்து ஏறக்குறைய ஐந்து கிலோதான். அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம். மண் பொலபொலப்பாவதற்கும் ஈரம் நிற்பதற்கும்தான் எரு. அதை மட்டும் நம்பி மேலுரத்தை விட்டுவிடாதே. இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான். நான் எங்கே காதில் வாங்கினேன்!

தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டது. சிவப்பி கன்று போட்டிருக்கிறது. சுண்ணாம்பையும் உரத்தையும் சேர்த்துப் போடக் கூடாது என்று எழுதினேன் அல்லவா?

கிணற்றுமேட்டு வயலைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பரிசோதனைத் தாளில் மண்ணின் அமில-கார அளவு (pH) 4.9 என்றிருந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டினாய். வருடக்கணக்காக அமோனியம் சல்பேட்டையே கொட்டி மண்ணைப் புளிக்க வைத்துவிட்டோம் என்றாய். 'விட்டோம்' என்றுதான் சொன்னாய். என் காதில் 'விட்டீர்கள்' என்று விழுந்தது. நீ தூவிய நீற்றுச் சுண்ணாம்பு உழவுக்குக் காத்து வெள்ளையாக மேலே கிடந்தது. அன்று பொழுது சாய்ந்தபின், அடியுரத்துக்கு வைத்திருந்த அமோனியம் சல்பேட் மூட்டையைத் தூக்கிப்போய் அதன் மேலேயே வீசினேன். விடியற்காலையில் வரப்பில் நின்றால் நெடி மூக்கைத் துளைத்தது, கண் எரிந்தது. தழைச்சத்து அமோனியாவாகப் பறக்கிறது என்று அங்கேயே தெரிந்துகொண்டேன். விதைப்பன்று நீ கேட்டபோது, அடியுரம் போட்டாயிற்று என்றேன்.

பயிர் வெளுத்தது. பெரியப்பா முன்னால், அத்தனை பேர் முன்னால், "இவள் சுண்ணாம்பைக் கொட்டிக் கெடுத்துவிட்டாள்" என்று சொன்னேன். நீ வாயே திறக்கவில்லை. உனக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்று இரண்டு போகமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் போகம் அங்கே பயறு போட்டிருக்கிறேன். நேற்று ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு போடாத பக்கத்து வயலில் பிடுங்கிய செடியில் இரண்டோ மூன்றோ முடிச்சுகள்தான், அவையும் வெளிறிக் கிடந்தன.

பெரியப்பாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாளாயிற்று. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழ்வயலுக்கும் சுண்ணாம்பு போட வேண்டும்; எவ்வளவு என்று நீதான் எழுத வேண்டும்.

அப்பா