புகைப்படச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும். அதையாவது திறந்து பார்க்கவும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்தன்று பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பறவைப் படம் எடுக்கப் போய்வந்தோம். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பலரும் எடுத்தீர்கள்; எல்லாப் படத்திலும் முன்னால் நிற்பது யாரோ ஒருவரின் செல்போன்தான்.

என் பொறுப்பில் நடந்த திட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புழங்கும் பொருள்களிலேயே கோடு, வட்டம், நிழல் என்று வடிவங்களைத் தேடி எடுப்பது. பஸ் செலவு இல்லை, பெரிய லென்ஸ் வேண்டாம். வெளியூர்ப் பயணம் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னவர்களை நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். அவர்களில் யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

“இட்லித் தட்டைப் படம் எடுக்கவா சங்கம் நடத்துகிறோம்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பதிலை இங்கே பதிவு செய்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் 1916இல் சாதாரணக் கிண்ணங்களையும் வராந்தா நிழலையும் எடுத்த படங்களைப் புகைப்பட வரலாறு எழுதுபவர்கள் இன்றும் விடுவதில்லை. இன்னொரு அமெரிக்கக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்ததுதான் அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. அவர் அதற்காக எந்தச் சரணாலயத்துக்கும் போகவில்லை.

சரி, இட்லித் தட்டுக்கே வருவோம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி வைத்து, கேமராவைத் தட்டுக்கு நேர் இணையாகப் பிடித்து, விளிம்பு தெரியாமல் சட்டகம் முழுக்கக் குழிகளை நிரப்பினோம். படத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் குழிகள் எல்லாம் மேடாகிவிட்டன! வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்வதால் வரும் மயக்கம் அது. இதைப் பார்க்க வந்திருந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்குவார்கள்.

அடுத்த மாதம் ஜியோமெட்ரி பாக்ஸ் பிளாஸ்டிக் கோணமானி. லேப்டாப் திரையை வெறும் வெள்ளையாக வைத்து, கோணமானியை அதன்முன் பிடித்து, லென்ஸில் மாட்டிய போலரைசரை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) திருப்பினால் திரை கறுத்துப்போகும். கோணமானி மட்டும் வானவில் நிறங்களில் நிற்கும். அச்சில் வார்க்கும்போது பிளாஸ்டிக்கில் தங்கிவிட்ட அழுத்தம்தான் அப்படித் தெரிகிறது. மாசி வீதிகளில் கடை திறக்கும் முன், சாய்ந்த வெயிலில் ஷட்டர் வரிகளையும் எடுத்தோம்.

இதற்காகவே சங்கப் பணத்தில் எக்ஸ்டென்ஷன் டியூப் செட் (மிக அருகில் வைத்துப் படம் எடுக்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வளையங்கள்) வாங்கினோம். அதில் ஒரு வளையம் இன்னும் திரும்பவில்லை. பெயர் சொல்லவில்லை, வைத்திருப்பவருக்குத் தெரியும்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, அறை வாடகையும் பிரிண்ட் செலவும் போகக் கையில் கொஞ்சம் நிற்கிறது. சந்தா பாக்கி வந்தால் கொஞ்சம் என்பது போதுமான அளவாகும். இரண்டு ஆண்டாகச் சந்தா கட்டாத சிலர் போட்டி முடிவைப் பற்றி மட்டும் இரவு பதினோரு மணிக்கு அழைத்துக் கேட்கிறார்கள்.

தலைவருக்கும், அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், டீ வாங்கி வந்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி. கோணமானியைக் கொடுத்து உதவிய உறுப்பினர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும்.

வரும் ஆண்டு இந்த வடிவப் படங்களைக் கண்காட்சியாக வைக்க ஆசை. படங்களுக்குப் பிரேம் போட, இடம் பிடிக்கப் பணம் வேண்டும். ஆணி அடிக்க ஆளும் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதாக இருந்தால் மனப்பூர்வமாக விட்டுத் தருகிறேன். இதைச் சென்ற ஆண்டும் சொன்னேன். அப்போது எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டீர்கள். இம்முறை ரசீதுப் புத்தகத்தை டீ மேசையிலேயே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்