ஹைஃபாவில் பாய்ந்தவர் வேறு, படையை வளர்த்தவர் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செப்டம்பர் 23 நெருங்கினால் ஹைஃபா போர் பற்றிய பதிவுகள் வரத் தொடங்கும். முதல் உலகப் போரில், இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரை ஓட்டோமான் துருக்கியரிடமிருந்து இந்தியக் குதிரைப்படைகள் கைப்பற்றிய நாள் அது. ஜோத்பூர் குதிரைப்படையின் பாய்ச்சலை நடத்தியவர் ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சர் பிரதாப் சிங் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 1918இல் அந்தப் பாய்ச்சலுக்குத் தலைமை ஏற்றுக் களத்திலேயே உயிர்விட்டவர் மேஜர் தல்பத் சிங். ஒருபுறம் கார்மல் மலை, மறுபுறம் கிஷோன் ஆறு. ஆற்றங்கரை குதிரைக்கால் புதையும் சேறாக இருந்ததால், வீரர்கள் இடப்புறம் திரும்பி, மலைச்சரிவில் இருந்த எந்திரத் துப்பாக்கிகளை எதிர்கொண்டு ஊருக்குள் புகுந்தார்கள். மலைமேல் இருந்து தாக்கியது மைசூர் சமஸ்தானத்தின் குதிரைப்படையான மைசூர் லான்சர்ஸ். தல்பத் சிங்குக்கு உரிய புகழை இன்னொருவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

பிரதாப் சிங்குக்கு அந்தக் கடன் புகழ் தேவையும் இல்லை. பாய்ந்த படையே அவர் வளர்த்ததுதான். 1889இல், பிரிட்டிஷ் பேரரசின் போர்களுக்காகச் சமஸ்தானங்கள் படை வைத்திருக்கும் 'இம்பீரியல் சர்வீஸ்' திட்டத்தில் ஜோத்பூர் லான்சர்ஸ் உருவானது. ஆள், குதிரை, சம்பளம் எல்லாம் சமஸ்தானத்தின் செலவு. படையை நடத்துபவர்கள் இந்திய அதிகாரிகள். ஆங்கிலேய அதிகாரிகள் பயிற்சியை மேற்பார்வையிட்டு ஆலோசனை சொல்வார்கள். கஜானாவும் படையும் ஒத்துப்போகாவிட்டால் இப்படிப்பட்ட படை காகிதத்தில்தான் இருக்கும். பிரதாப் சிங் 1878 முதலே அண்ணன் இரண்டாம் ஜஸ்வந்த் சிங்கின் திவானாக இருந்ததால் இரண்டும் ஒரே கையில் இருந்தன. அதனால்தான் 1900இல் இந்தப் படையைச் சீனா வரை கொண்டுபோக முடிந்தது.

அவர் மூன்று முறை ரீஜன்ட், அதாவது வயது வராத மன்னருக்காக ஆட்சியை நடத்தியவர். 1895இல் அண்ணன் இறந்ததும் அண்ணன் மகன் சர்தார் சிங்குக்காக முதல்முறை. அந்தப் பொறுப்பில் இருந்தபடியே ஆப்கான் எல்லைப் பகுதியில் நடந்த திரா போருக்கும் போய்வந்தார். 1902இல் இன்றைய குஜராத்தில் உள்ள ஈடர் சமஸ்தானம் அவருக்குச் சொந்த ராஜ்யமாகக் கிடைத்தது. 1911இல் சர்தார் சிங் இறந்தபோது மகன் சுமேர் சிங்குக்கு 13 வயது. உடனே ஈடர் சிம்மாசனத்தைத் தத்துப்பிள்ளை தௌலத் சிங்கிடம் விட்டுவிட்டு ஜோத்பூருக்குத் திரும்பினார். தனக்கென்று இருந்த அரியணையைத் துறந்து, அண்ணன் பேரனின் அரியணைக்குக் காவலாக வந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையில் இதைவிடப் பெரிய செயலை நான் காணவில்லை. 1914இல், 69 வயதில், படையோடு பிரான்ஸ் போர்முனைக்கும் சென்றார்.

'ஜோத்பூர்ஸ்' என்ற குதிரையேற்றக் கால்சட்டையை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவரும் இவரே. அக்காலத் துணி இழுபடாது; அதனால் தொடைப்பகுதி அகலம், சேணத்தில் காலை மடக்க வசதியாக. முழங்காலுக்குக் கீழே இறுக்கம், உயரமான பூட்ஸ் இல்லாமலே சமாளிக்க.

1918 அக்டோபரில் சுமேர் சிங்கும் இறந்தார். தம்பி உமேத் சிங்குக்கு அப்போது 15 வயது. கிழவர் மூன்றாம் முறையாகப் பொறுப்பேற்று, 1922 செப்டம்பர் 4 அன்று பதவியிலேயே காலமானார். உமேத் சிங்குக்கு முழு ஆட்சி அதிகாரம் கிடைத்தது 1923 ஜனவரியில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை