சனிக்கிழமை டாபிக்: தூக்கு வேணுமா, வேணாமா?

மக்களே, சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு இதத்தான் பேசப்போறோம், போன தடவ மாதிரி பாதியில கோவிச்சுட்டு குரூப்ப விட்டு ஓடக்கூடாது சொல்லிட்டேன். "கொலைகாரனுக்கு என்ன மனித உரிமை"ன்னு ஒத்த வரிய போட்டுட்டு போறவங்க மொதல்ல டிமோத்தி எவன்ஸ் கேஸ படிச்சிட்டு வாங்க, கைக்குழந்தைய கொன்னான்னு 1950ல லண்டன்ல தூக்குல போட்டாங்க, 3 வருஷம் கழிச்சு பாத்தா அதே வீட்டுல கீழ குடியிருந்த கிறிஸ்டி வரிசையா கொலை பண்ணவன், எவன்ஸுக்கு எதிரா கோர்ட்ல சாட்சி சொன்னதே அவன்தான்! 1966ல மன்னிப்பு குடுத்தாங்க, வாங்கிக்க ஆள் எங்க?

அதுக்காக வேணாம்ங்கிறவங்களும் துள்ளாதீங்க, புள்ளைய பறிகொடுத்த குடும்பத்துக்கு என்ன பதில்னு கேட்டா இதுவரைக்கும் யாரும் ஒழுங்கா சொல்லல, நானுந்தான்.

வாய்ஸ் நோட் 2 நிமிஷத்துக்கு மேல வேணாம், இப்ப நடந்துட்டிருக்கற கேஸ்ல யார் பேரையும் இழுக்காதீங்க.