‘ங’ விடுபட்ட சீருடை: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

படைவீரர்களின் சடங்குச் சீருடை, சின்னம், பதக்கப் பட்டை ஆகியவற்றின் விற்பனைக்கு அனுமதி வழங்கும் பொறுப்பில் இருக்கும் தங்களுக்கு, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து, 1974 முதல் 21 ஆண்டுகள் மலேசியத் தரைப்படையின் ரேஞ்சர் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவனின் வணக்கம். சந்தையில் போலிகள் மலிந்து கிடப்பது தாங்கள் அறியாததன்று. ஆகவே நேரே என் கதைக்கு வருகிறேன்.

கடந்த ஜூலை 31, வீரர் நாளுக்கு எங்கள் ஊரில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடானது. கூரை ஒழுகிப் பூஞ்சணம் பிடித்த பழைய கோட்டை உடுத்த மனமில்லாமல், ‘அசல், சான்றிதழ் உண்டு’ என்று இணையத்தில் விளம்பரம் செய்தவரிடம் 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் கோட்டும் சின்னங்களும் தருவித்தேன். முதல் நாள் இரவு, பழைய பழக்கத்தில் பொத்தான்களுக்கு பிராஸோ என்னும் உலோக மெருகு போட்டுத் தேய்த்தேன். இரண்டாவது தேய்ப்பிலேயே பொன்னிறம் துணியோடு வந்துவிட்டது; அடியில் இருந்தது சாம்பல் நிறப் பிளாஸ்டிக். சான்றிதழ் என்று வந்த அட்டையிலோ கையொப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது துணிச்சின்னத்தில் தைத்திருந்த வாசகம். ‘ஆகி இடுப், ஆகி ஙெலாபான்’ என்பது சரவாக் பழங்குடியினரான இபான் மக்களின் மொழியில் அமைந்த எங்கள் படைப்பிரிவின் முழக்கம். உயிருள்ளவரை போராட்டம் உண்டு என்பது அதன் பொருள். தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதே அரிது என்று பள்ளியில் எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த ‘ங’வை, எல்லைக் காட்டில் இபான் தோழர்கள்தாம் எனக்குச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் இருவர் காட்டிலிருந்து திரும்பவில்லை. ரோமன் எழுத்தில் ‘ங’வைக் குறிக்கும் ‘Ng’-இல் தைத்தவர் ‘g’ என்ற ஓர் எழுத்தை விட்டுவிட்டதால், என் நெஞ்சின்மேல் இருந்தது ‘நெலாபான்’. அன்று மேடையருகே நின்ற இளம் அதிகாரி அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றே: தங்கள் அங்கீகாரம் பெற்ற தையற்காரர்கள், கடைகளின் பெயர்ப்பட்டியலை எல்லாரும் காணும்படி வெளியிடுங்கள். தொலைபேசியில் இதைக் கேட்டபோது, இணையத்தில் தேடிப் பாருங்கள் என்று பதில் வந்தது. தேடியதால்தானே ஏமாந்தேன்? கோலாலம்பூருக்கு வந்து வாங்குங்கள் என்றார் இன்னொருவர். 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, எந்தக் கடை அசல் என்று தெரியாமல் தெருத்தெருவாக அலைவதற்கு என் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. பணியில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனே தன் திருமணத்திற்கு ‘நம்பர் சத்து’ எனப்படும் முதல் எண் சடங்குச் சீருடை தைக்க யாரை நம்புவது என்று என்னிடம் வந்து கேட்கிறான்.

படைவீரன் அல்லாதவன், படைவீரன் என்று பிறர் நம்பவேண்டி அந்த உடையை அணிந்தால் குற்றம் என்கிறது குற்றவியல் சட்டத்தின் 140-ஆவது பிரிவு. நல்லது. ஆனால் உடையோடு தோள்பட்டை நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் கூடையில் போட்டு விற்கிறார்களே; ஒரு நாள்கூடக் காவல் நிற்காதவன் விரும்பினால் வெள்ளிக்கிழமைக்குள் கர்னல் ஆகிவிடலாம், அனுப்பும் செலவுகூட இலவசம். காட்டில் 21 ஆண்டுகளைக் கழித்த எனக்குத்தான் சரியாக எழுதிய ஒரு சின்னம் கிடைக்கவில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். அடுத்த ஜூலை 31-க்கு முன்னதாக அந்தப் பட்டியலை வெளியிட்டு, அசல் உடையின் கழுத்துப் பட்டைக்குள் எளிதில் அடையாளம் காணும்படி ஒரு முத்திரையும் இடச் செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ‘ங’ இல்லாத அந்தத் துணிச்சின்னத்தைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் பார்க்க விரும்பினால் அஞ்சலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேஞ்சர் ஒருவன்,
சுங்கை சிப்புட், பேராக்